எழுபத்தைந்து இஞ்சும் கிழக்கு வாசலும்

அளவு என்னும் அரிய கலையை மனிதகுலம் மூன்று படிகளில் அடைந்தது. முதலில் சாண், பிறகு முழம், அதன் பிறகு எங்கள் தெரு பாலகுரு அண்ணாச்சி.

அண்ணாச்சி ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மற்றவர்கள் சட்டைப் பையில் செல்போன் வைத்திருப்பார்கள். அவர் இரும்பு டேப் வைத்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலை அளப்பார். துக்க வீட்டில் மட்டும் கொஞ்சம் அடக்கம், வெளியே வந்த பிறகுதான் அளப்பார். அளப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. போன சீசனில் குடோன் நிரம்பி, சரக்கை எங்கே வைப்பது என்று முதலாளியே கையைப் பிசைந்தபோது, பேக்கிங் ரூமின் வடக்கு ஓரத்தில் யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தை டேப் பிடித்துக் கண்டுபிடித்து, பெட்டிகளைக் கூரை வரை அடுக்கிக் காட்டினார். "இடத்தை உண்டாக்குறதுக்குன்னே பொறந்த ஆளுய்யா" என்று முதலாளி மெச்சினார். அந்தத் "தற்காலிக ஏற்பாடு" இந்தச் சீசனிலும் தற்காலிகமாகவே இருந்து வருகிறது.

நான் பிராங்க்ளின். அண்ணாச்சிக்குக் கிழக்குப் பக்கத்து வீடு. திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் புரூப் பார்க்கிறேன். பட்டாசு பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. அதன் பெட்டிகளில் எழுத்துப்பிழை திருத்தியே தலை நரைத்தவன். கம்பெனிகளில் மாட்டும் பாதுகாப்பு போர்டுகளும் என் கைபட்டவையே. "வாசலில் பொருட்களை வைக்கக் கூடாது" என்ற போர்டில் "க்" விடுபடாமல் பார்த்துக்கொண்டவன் நான் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்பேர்ப்பட்ட தகுதிகளால்தான் அண்ணாச்சி வீட்டு "பெரிய திரைத் தொலைக்காட்சித் தேர்வுக் குழு"வுக்கு நான் செயலாளர் ஆனேன். தலைவர் அண்ணாச்சி. தொழில்நுட்ப ஆலோசகர், கல்லூரியில் படிக்கும் மகள் இசைவாணி. அண்ணாச்சியின் மனைவி மாரித்தாய் சிறப்பு அழைப்பாளர். அதாவது, கூட்டத்துக்குக் காபி கொண்டுவரும் முழு உரிமை அவருக்கு உண்டு. மாரித்தாயும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார், பேக்கிங் ரூமில். அங்கே அவரோடு சேர்த்து ஒன்பது பெண்கள்.

முதல் கூட்டத்திலேயே குழு பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. டி.வி.யை மாட்டச் சுவர் இல்லை.

இதற்குக் காரணம் அண்ணாச்சியின் தொழில்பக்தி. பட்டாசு ரூம் என்றால் எதிரெதிரே வாசல் இருக்க வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது விதி. உள்ளே ஏதாவது "ஆகிவிட்டால்" ஆட்கள் எந்தப் பக்கமும் ஓடலாம். வீடு கட்டும்போது அண்ணாச்சி அதே விதியை ஹாலுக்கும் போட்டார். நான்கு பக்கமும் வாசல், நான்கு கதவும் வெளிப்பக்கம் திறக்கும். கட்டிய கொத்தனார், "அண்ணாச்சி, இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று கேட்டதாகத் தகவல்.

"அப்ப ஒரு வாசலை மூட வேண்டியதுதான்" என்றார் தலைவர்.

"எதைப்பா?" என்றாள் இசைவாணி.

விவாதம் நடந்தது. மேற்கு வாசல் தலைவாசல். அதை மூடினால் லட்சுமி எப்படி வருவாள்? வடக்கு வாசல் அடுப்படிக்குப் போவது. அதை மூடினால் சோறு எப்படி வரும்? தெற்கு வாசல் இசைவாணியின் அறை. அதை மூடினால் தொழில்நுட்ப ஆலோசகர் ராஜினாமா செய்வார். மிஞ்சியது கிழக்கு வாசல். எங்கள் வீட்டு முற்றத்தைப் பார்த்தது. வேலை முடிந்து வந்து மாரித்தாய் அதன் நிலைப்படியில் உட்கார்ந்துதான் காபி குடிப்பார், காய் நறுக்குவார், என் மனைவி ஷைலாவோடு பேசுவார். வேறு யாருக்கும் அந்த வாசலால் பயன் இல்லை. எனவே "யாருக்கும் பயனில்லாத வாசல்" என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

சிறப்பு அழைப்பாளர் காபித் தட்டைக் கீழே வைத்தார்.

"அதை மட்டும் விட்டுருங்க. எனக்கு உக்காந்தா பக்கத்துல ஒரு வாசல் வேணும். கம்பெனியிலதான் அடைச்சுக் கெடக்கோம், வீட்லயாவது விடுங்களேன்."

"மாரித்தாயி, டி.வி.ங்கிறது என்ன? அதுவே ஒரு வாசல்தான். உலகத்துக்கே வாசல்!"

"அதுக்குள்ள போக முடியுமா?"

"பார்க்கலாம்ல?"

"எனக்குப் போகணுங்க."

செயலாளர் என்ற முறையில் நான் இதை "காற்றோட்டம் குறித்த கருத்து" என்று குறித்துக்கொண்டேன். கருத்துகளைக் குறித்துக்கொள்வதில்தான் ஜனநாயகமே அடங்கியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகருக்குப் படையெடுத்தோம். மிளகாய் மண்டிகளின் நெடியைத் தாண்டி, கண்ணாடிக் கதவுள்ள ஒரு பெரிய கடை. உள்ளே சுவர் முழுக்க டி.வி. எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே கொய்யாவைக் கொத்திக்கொண்டிருந்தது. அனுப்பிரியா என்ற பெண் எங்களை வரவேற்றார். சட்டையில் குத்தியிருந்த அட்டையின்படி அவர் "இல்லப் பொழுதுபோக்கு ஆலோசகர்". சேல்ஸ்கேர்ள் என்ற இழிசொல் விருதுநகரில் ஒழிக்கப்பட்டுவிட்டதை அறிந்து மகிழ்ந்தேன்.

"சார், இதுல கறுப்பு உண்மையான கறுப்பு" என்றார் அனுப்பிரியா.

"அப்ப இத்தனை நாளா நாங்க பார்த்தது?"

"அது ஒரு மாதிரி சாம்பல் சார்."

அண்ணாச்சி அதிர்ந்து போனார். இத்தனை வருஷமாக வீட்டு டி.வி. தன்னை ஏமாற்றிய துக்கம் அவர் முகத்தில் தெரிந்தது.

"இதுல ஏ.ஐ. இருக்கு சார். நீங்க என்ன பார்க்க ஆசைப்படுறீங்கன்னு அதுவே கண்டுபிடிச்சுப் போடும்."

மாரித்தாய் கிளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நான் என்ன ஆசைப்படுதேன்னு அதுக்குத் தெரியுமாம்மா?"

"கண்டிப்பா மேடம்."

"எங்க வீட்ல இருக்கவுகளுக்கே தெரியலையே."

அண்ணாச்சி இதைக் கேட்கவில்லை. அவர் டேப்பை உருவி எழுபத்தைந்து இஞ்ச் டி.வி. ஒன்றை அளந்துகொண்டிருந்தார். திடீரென்று குரல் உயர்ந்தது.

"என்னம்மா இது? எழுபத்தஞ்சுங்கிறீக. அகலம் அறுபத்தாறுதான் இருக்கு. ஒம்பது இஞ்ச் எங்க போச்சு?"

"சார், டி.வி.யை அப்படி அளக்கக் கூடாது. மூலைக்கு மூலை அளக்கணும்."

அண்ணாச்சி டேப்பைச் சாய்த்துப் பிடித்தார். எழுபத்தைந்து, துல்லியமாக. அவர் கண்கள் கலங்கின என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நேராக அளந்தால் குறைவதெல்லாம் சாய்த்து அளந்தால் நிறைகிறது! வாழ்க்கை முழுக்க நேராக அளந்தே எத்தனை இஞ்சை இழந்திருக்கிறார்!

"இதைப் போட்டுருங்க" என்றார். டி.வி.யைத் தேர்வு செய்தாயிற்று. அளக்கும் முறையையும் சேர்த்து இலவசமாக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

அன்றிலிருந்து அண்ணாச்சி எதையும் நேராக அளக்கவில்லை. கட்டிலை மூலைக்கு மூலை அளந்தார், பஸ் சன்னலை அளந்தார், கம்பெனியில் ரூம் ரூமாகப் போய் அளந்தார். உலகம் கண் முன்னே பெரிதாகிக்கொண்டே போனது.

அடுத்த ஞாயிறு மாலை திறப்பு விழா. டி.வி. வாசல் நிலையைவிட அகலமாக இருந்ததால், கிழக்குக் கதவைச் சாத்தி, அதன் முன்னால் ஓர் இரும்பு மேசையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் கால்களோடு நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் ஒன்றுக்குத் திறப்பு விழாவும் இன்னொன்றுக்கு மூடு விழாவும் நடப்பதை அன்றுதான் பார்த்தேன். திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பேக்கிங் ரூம் பெண்கள் எல்லாரும் பிள்ளை குட்டிகளோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு விஷயம் கவனித்தேன்: எல்லாரும் ஏதாவது ஒரு வாசல் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஹாலின் நடுவில் நான் மட்டும் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டேன். மாரித்தாய் பழக்க தோஷத்தில் கிழக்கு ஓரம், டி.வி.க்கு அருகிலேயே உட்கார்ந்தார்.

"பக்கத்துல உக்காந்து பார்த்தா கண்ணு கெட்டுரும்" என்றார் அண்ணாச்சி.

"நான் டி.வி. பார்க்க உக்காரலங்க."

அண்ணாச்சி சிற்றுரை ஆற்றினார். டி.வி.யின் நீளம், அகலம், முக்கியமாக மூலைக்கு மூலை. கைதட்டல். இசைவாணி ரிமோட்டை அழுத்தினாள். கடைக்காரர்கள் ஏற்றிக்கொடுத்த "டெமோ" ஓடத் தொடங்கியது. முதலில் இருட்டு. உண்மையான கறுப்பு. அனுப்பிரியா பொய் சொல்லவில்லை. பிறகு ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை வானத்தில், தியேட்டர் சத்தத்துடன், ஒரு வாணவெடி.

டமார்!

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெடி வாங்கும் ஊர்களில் சத்தம் கேட்டால் ஜனங்கள் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்ப்பார்கள். வெடி செய்யும் ஊரில் சத்தம் கேட்டாலும் வாசலுக்குத்தான் ஓடுவார்கள். வானத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஹால் காலியாகிவிட்டது. யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு அடுப்படி வழியே பாதிப் பேர், தலைவாசல் வழியே பாதிப் பேர். எல்லாருக்கும் முன்னால் தெருவில் நின்றவர் போர்மேன் பாலகுரு அண்ணாச்சி. படித்தவன் என்பதால் நான் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, வண்ணங்கள் அருமை என்று வியந்துகொண்டிருந்தேன். அதே நொடியில்தான் மாரித்தாய் தமக்குப் பழக்கமான வாசலுக்குப் பாய்ந்தார். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் உலகத்தின் வாசல் இருந்தது. பக்கவாட்டில் ஒரே தள்ளு. டி.வி. முகம் குப்புறத் தரையில். மேசை ஒருக்களித்துக் கிடந்தது. கதவு படாரென்று வெளியே திறந்தது. மாரித்தாய் எங்கள் முற்றத்தில், ஷைலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார். கவிழ்ந்து கிடந்த டி.வி. தரையைப் பார்த்து இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. இசைவாணி திரும்ப ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

வெறும் டெமோதான் என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. அண்ணாச்சி டி.வி.யைத் திருப்பினார். திரையில் மூலைக்கு மூலை ஒரு விரிசல்.

"கோட்டிக்காரி! பார்த்து ஓடக் கூடாதா? இப்படியா தள்ளுவ?"

மாரித்தாய் முற்றத்திலிருந்து ஏறி வந்து, திறந்து கிடந்த கிழக்கு வாசலின் நிலைப்படியில் உட்கார்ந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"தள்ளுனேன், விழுந்துச்சு. நான் வெளிய போயிட்டேன். பேக்கிங் ரூம்ல வடக்கு வாசலை மறைச்சுப் பெட்டி அடுக்கி வச்சிருக்கீகளே, அது தள்ளுனா விழுமா?"

ஹாலில் சிரிப்பு நின்றது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். செயலாளரிடம் இதற்கான குறிப்பு இல்லை.

"அது சீசன் முடியுற வரைக்குந்தான..." என்றார்.

"வெடிக்குச் சீசன் தெரியுமா?"

நான் நிலைமையைச் சமாளிக்க, "ஏம்மா, அங்கே நம்ம போர்டு ஒன்று மாட்டியிருக்குமே, வாசலில் பொருட்களை..." என்று இழுத்தேன்.

"இருக்கு சார். பெட்டிக்குப் பின்னால பத்திரமா இருக்கு. தூசிகூடப் படல."

"க்" விடுபடாத போர்டு. யாரும் படிக்க முடியாத இடத்தில் பிழையில்லாமல் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி வர வேண்டும். வரவில்லை.

"ஒரேயடியா ஒண்ணும் அடைச்சுப் போடலயே" என்றார் அண்ணாச்சி. "ஓரத்துல வழி விட்டிருக்கேன்ல?"

"எம்புட்டு?"

அண்ணாச்சி குனிந்து டி.வி.யின் விரிசலைத் தடவினார்.

"டி.வி.க்கு எழுபத்தஞ்சு இஞ்ச் பார்த்தீக. அங்கன எங்களுக்கு எம்புட்டு இஞ்ச் விட்டிருக்கீக? நீங்கதான அளந்தீக, சொல்லுங்க."

"ஒம்பது" என்றார் அண்ணாச்சி மெல்ல. அந்த ஒன்பது பெண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த டேப்பைத் தொட்டது. சட்டென்று முகம் தெளிந்தது.

"நேரா அளந்தாத்தான் ஒம்பது. மூலைக்கு மூலை பிடிச்சா அதுவும் எழுபத்தஞ்சு வரும்!"

மாரித்தாய் அந்த டேப்பைப் பார்த்தார்.

"அப்ப வெடிச்சா நாங்க சாஞ்சுக்கிட்டு ஓடணும். அப்படித்தானங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பெண்கள் எழுந்தார்கள். நாளைக்கு வடக்கு வாசல் திறந்தால்தான் உள்ளே வருவோம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மூடியிருந்து திறந்த அந்தக் கிழக்கு வாசல் வழியாகவே ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

அளப்பதில் எங்கள் அண்ணாச்சியை மிஞ்ச ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. உள்ளே ஒன்பது பெண்கள். வாசலில் ஒன்பது இஞ்ச். ஆளுக்கு ஓர் இஞ்ச் என்று சரியாக அளந்து விட்டிருக்கிறார். கட்டிய மனைவிக்குக்கூட ஓர் இஞ்ச் கூடுதலாகத் தரவில்லை.