அமெரிக்காவுக்கு ஒரு இரவல் சோபா

சோபாவின் பாதி வீட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக மாட்டிக்கொண்டபோது, ஷாமளாவின் இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

உள்ளே வரும்போது சொன்னபடி கேட்ட சோபாதான். மனைவி சொல்லித் திருப்பி அனுப்பும்போது அடம்பிடித்தது. மலேசியாவின் கலும்பாங் எஸ்டேட்டில் எண்ணெய்ச் செம்பனைக் குலை லோரி ஓட்டும் சுகுமாறன், தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார். கதவுச் சட்டம்தான் முனகியது.

"இத எதுக்குங்க தூக்கிட்டு வந்தீங்க?" என்றாள் அவர் மனைவி திலகா.

"வீடியோவுல வீட்டப் பார்ப்பாங்கல்ல? உன்னப் பொண்ணு பார்க்க வந்தப்ப, பக்கத்து வீட்டு நாற்காலியெல்லாம் உங்க வீட்டுலதான கெடந்திச்சி?"

"அது கல்யாணம். இங்க நாம காசே இல்லன்னு அமெரிக்காவுக்கு எழுதிக் குடுத்திருக்கோம். படிப்புச் செலவு, சாப்பாடு, தங்குறது எல்லாத்தையும் நீங்களே பாருங்கன்னு கேட்டுட்டு, பின்னாடி தோல் சோபா போட்டா அவங்க என்ன நெனைப்பாங்க?"

சுகுமாறனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

பள்ளி ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த அமெரிக்கக் காலேஜில் இடம் கிடைப்பதே அபூர்வம். உதவிப் பணமும் வேண்டும் என்று கேட்டால் அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கிப்போகும். அந்தச் சுருங்கிய வாய்ப்பைத்தான் சுகுமாறன் ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு லோரி ஓட்டினார். தன் மகள் இந்த எஸ்டேட் லயத்து வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான். "சனிக்கிழமை இன்டர்வியூ இருக்குப்பா" என்று அவள் சொன்ன அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"நீ அறைக்குள்ள போய் உட்காரும்மா" என்றார்.

"அங்க இன்டர்நெட் லைன் கிடைக்காதுப்பா. இருக்கட்டும் விடுங்க. சோபாவெல்லாம் அவங்க பார்க்க மாட்டாங்க" என்றாள் ஷாமளா. அவள் குரலில் உற்சாகமே இல்லை. பயம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

லைன் கிடைக்கும் ஒரே மூலையில் அவள் உட்கார்ந்தால், முதுகுக்குப் பின்னால் வாசலும் சோபாவும்தான் தெரியும். சுகுமாறன் யோசித்தார். அவர் யோசித்தால் எப்போதும் ஏதாவது நடக்கும். பெட்டியிலிருந்து தம் வெள்ளை வேட்டியை எடுத்து, சோபாவைத் தலையிலிருந்து கால்வரை மூடிவிட்டார்.

"இப்ப ஏழை வீடு மாதிரி இருக்கா?"

"எழவு வீடு மாதிரி இருக்கு" என்றாள் திலகா.

அப்படித் திலகா மட்டும் நினைக்கவில்லை. அந்த வழியாக வந்த பின்வரிசை வீட்டுச் சோமு, வாசலில் வெள்ளைத் துணி போர்த்திய நீட்டமான உருவத்தைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்தினார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஓரமாக நின்றார். சோமு நிற்பதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள்.

உள்ளே கம்ப்யூட்டரில் ஒரு சீனப் பெண்மணி தோன்றினார். வெள்ளைக்காரியை எதிர்பார்த்த சுகுமாறனுக்குச் சப்பென்று ஆனது. அந்தக் காலேஜில் படித்துவிட்டுக் கோலாலம்பூரில் இருப்பவர்கள்தான் பேட்டி எடுப்பார்கள் என்று ஆசிரியர் சொன்னது ஞாபகம் வந்ததும், மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஷாமளா ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். சரியாக அந்த நேரத்தில் இராஜம்மா வந்து சேர்ந்தாள். எஸ்டேட்டில் யார் போனாலும் முதல் ஒப்பாரி அவளுடையதுதான்.

"என்ன விட்டுப் போக எப்படி மனசு வந்திச்சி" என்று சோபாவின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண்மணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பின்னால் எட்டிப் பார்த்தார்.

சுகுமாறன் நிறுத்தச் சொல்லிச் சாடை காட்டினார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து இராஜம்மா சுருதியை ஏற்றினாள். பெண்மணி ஏதோ கேட்டார். 'டிரான்ஸ்போர்ட்' என்ற சொல் மட்டும் சுகுமாறன் காதில் தெளிவாக விழுந்தது. ஆக, வீட்டில் காடி, அதாவது கார், இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். சோபா வேலையைக் காட்டிவிட்டது.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. மகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தலையை நீட்டி, தமக்குத் தெரிந்த மலாயில் கொட்டித் தீர்த்தார். காடி இல்லை. மோட்டார் சைக்கிள்கூட இல்லை. லோரி கம்பெனியுடையது. சோபா இரவல், அடுத்த வீட்டு நாகமணி அக்காவுடையது. அக்கா மகள் நித்தியா ரவாங் பேக்டரியில் உழைத்து வாங்கியது. யாரும் சாகவில்லை. ஆனால் நாங்கள் ஏழைகள், சத்தியமாக ஏழைகள்.

பெண்மணி "ஓகே, ஓகே" என்றார். ஷாமளாவிடம் இரண்டு வார்த்தை பேசினார். திரை இருண்டது.

"போச்சி" என்றார் சுகுமாறன்.

"பரவால்லப்பா" என்றாள் ஷாமளா. அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சோபாவின் உள்பாதியில் உட்கார்ந்து சுகுமாறன் விசும்பி விசும்பி அழுதார். வெளிப்பாதியில் இராஜம்மா, விவரம் தெரிந்த பிறகும், வந்ததற்கு அவரோடு சேர்ந்து அழுதாள்.

மதியம், பெரிய ரோட்டில் பேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி, வழக்கம்போல் வெயிலில் நடந்து வந்தாள் நித்தியா. தன் சோபாவையும், அதைச் சுற்றியிருந்த கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரு மாமா தவறிட்டா?"

"அமெரிக்காம்மா" என்றார் சுகுமாறன். "கைக்கு வந்தத நானே கொன்னுட்டேன். எம்பொண்ணு வாழ்க்கைய வாயத் தொறந்து கெடுத்துட்டேன்."

நித்தியா உள்ளே பார்த்தாள். ஷாமளா வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். நித்தியாவுக்கு மனசு கேட்கவில்லை.

"நீங்க ஒண்ணையும் கெடுக்கல மாமா. அமெரிக்கா போன மாசமே இடமில்லன்னு சொல்லிருச்சி, உங்ககிட்ட சொல்லத்தான் அவளுக்கு வாய் வரல. இன்னிக்குப் பேசினது எங்க பேக்டரி மேடம், அவங்களே எங்கிட்ட சொன்னாங்க. வேலை கெடச்சிருச்சிலா, காடி இல்லன்னு நீங்க சொன்னதால, திங்கக்கிழமையிலேருந்து பஸ்ஸு நம்ம லயத்து வாசலுக்கே வரப்போவுது."