ஒரகடத்தில் இருந்தபடி உழுகிறவர்

கைப்பேசி விவசாயி என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலில் மண் ஒட்டாது, வாயில் மட்டும் முப்போகம் விளையும். ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை கம்பெனி பஸ் நிற்கும் இடமெல்லாம், ஒரு காதைப் பொத்திக்கொண்டு எங்கோ தெற்கே கிடக்கும் நிலத்தை உழுதுகொண்டிருப்பார்.

நம் மாரிராஜ் அந்த இனத்தில் தலை. வேலை ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில், கார் உதிரிபாகக் கம்பெனியில். நிலம் விளாத்திகுளம் பக்கம், வானம் பார்த்த கரிசல். பாடுபடுவது மனைவி முத்துச்செல்வி. வறட்சியை வெல்வது எப்படி என்று யூடியூபில் பார்த்துவிட்டு, பண்ணைக்குட்டை வெட்டு, ஆட்டை விற்றுக் கோழி வாங்கு, கோழியை விட்டு முருங்கை வை என்று வாரம் ஓர் ஆணை போடுவார். முத்துச்செல்வி எல்லாவற்றுக்கும் சரி என்பாள். இப்படியொரு பெண்டாட்டி அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா?

புரட்டாசியில் ஒருநாள் வல்லத்தில் அடைமழை. பஸ்ஸுக்கு நின்றவரின் ஷூவுக்குள் தண்ணீர் புகுந்ததும் உள்ளேயிருந்த விவசாயி விழித்துக்கொண்டார். ஊரில் விழுந்ததோ புழுதி அடங்கும் அளவுக்குத் தூறல். அந்த ஈரத்தில் போட்ட உளுந்து முளைத்த கையோடு கருகும். இருப்பதோ ஒரே மூட்டை விதை; அதுவும் போனால் ஆடுகளை விற்றுத்தான் வருஷத்தை ஓட்ட வேண்டும்.

"ஈரம் காயுறதுக்குள்ள இன்னைக்கே வெதச்சிரு," என்று மனைவிக்குப் போன் போட்டார் மாரிராஜ்.

"சரிங்க, வெதச்சிருதேன்."

பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் வில்சனுக்குப் பொறுக்கவில்லை. "இங்க பேஞ்சா அங்க இன்னாத்துக்குப்பா வெதைக்கிற? அங்க மழ கீதா?"

மாரிராஜ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். மண்ணைப் பற்றி வில்சனுக்கு என்ன தெரியும்?

முத்துச்செல்வி மூட்டையை அவிழ்க்கவே இல்லை. ஐப்பசி பிறந்து ஊரில் நல்ல மழை இறங்கிய பிறகே விதைத்தாள். பிழைத்தது குடும்பம். பின்னொரு நாள் வீடியோ காலில் பச்சையைக் காட்டியபோது மாரிராஜின் நெற்றி சுருங்கியது.

"என்ன செல்வி, இந்நேரம் பூ வச்சிருக்கணுமே. பயிரு இத்துனூண்டுதான் இருக்கு?"

"போனுல பாத்தா எல்லாம் சின்னதாத்தான் தெரியும்."

அன்று மாலையே ஹாஸ்டல் அறையில் ஆள் சேர்த்து, கேமராவில் பயிர் ஏன் குட்டையாகத் தெரிகிறது என்று விளக்கினார். தம் சொல்படி விதைத்ததால் கரிசல் பச்சையானதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வீட்டை நடத்தும் அன்பரே, சிரித்தது போதும். நீங்கள் சொல்வதற்கெல்லாம் வீட்டிலிருந்து மறுபேச்சில்லாமல் "சரிங்க" என்றுதானே பதில் வருகிறது?