ஒரு கட்டம் காலியென்றால் ஆளே காலி

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமையே தொலைபேசியில் கேட்டுவிட்டபடியால், அதைத் திரும்ப விசாரித்து உங்கள் அலுவலக நேரத்தைக் கெடுக்கவில்லை.

உங்கள் துறையிலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு ஏழு நாள் கெடு. இன்று ஆறாவது நாள். கூடவே வைத்திருந்த ஒப்புகைப் படிவத்தை இன்று காலையே நிரப்பித் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டேன், அந்த வகையில் என்மேல் குறை சொல்ல இடமில்லை. விளக்கத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். நியாயமாக இதை நான் தொலைபேசியில் மூன்று நிமிடத்தில் சொல்லி முடித்திருப்பேன். கடிதம் வந்த அன்றே உங்களைக் கூப்பிட்டேன். "அலுவலக விஷயத்த போன்ல பேசக்கூடாது மாமா, எழுத்துல குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். எழுத்தில் கொடுக்கிறேன். நீளமாகிவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. உங்கள் அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, "மாப்பிள்ளைக்கு எழுதறீங்க, அத ஞாபகம் வெச்சுக்கிட்டு எழுதுங்க" என்று எச்சரித்து அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு வரியிலும் ஞாபகம் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன மனத்தாங்கல். கடிதத்தின் கீழே உங்கள் கையெழுத்து இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் கல்யாணப் பதிவேட்டில் பார்த்த அதே கையெழுத்துதான், வால் மட்டும் பதவி உயர்வில் கொஞ்சம் நீண்டிருக்கிறது. மேலே 'ஐயா / அம்மையீர்' என்று அச்சடித்து, பொருந்தாததை அடிக்கவும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. நீங்கள் எதையும் அடிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் இந்த இரண்டில் எது என்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். போகட்டும்.

நம் மையம் எப்படிப்பட்டது என்று நீங்கள் வந்து பார்த்ததில்லை. டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை. மூடிப்போன தொழிற்சாலைகளில் பழைய பெயிண்ட், அமிலம், பெயர் அழிந்துபோன திரவம் என்று பீப்பாய் பீப்பாயாகக் கிடக்குமே, அதைத் திறந்து, பிரித்து, அப்புறப்படுத்துகிற தொழிலாளிகளுக்கு இங்கே ஐந்து நாள் பயிற்சி. செலவு அரசாங்க மானியம். அதற்குக் கைம்மாறாக, பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து ஒவ்வொருவரிடமும் உங்கள் துறையின் முப்பத்திரண்டு கட்டப் படிவத்தை நிரப்பி வாங்கி நாங்கள் அனுப்ப வேண்டும். 'ஆம் எனில் டிக் இடவும், இல்லை எனில் காலியாக விடவும்' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. எல்லா வினையும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஆனால் அது எனக்கு ஆறு நாளைக்கு முன்னால் தெரியாது.

உங்கள் கடிதத்தின் முதல் பத்தியைப் படித்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசி இரண்டு குழுவில் நூற்று இருபத்து மூன்று பேருக்குப் பயிற்சி கொடுத்ததற்காகத் துறை என்னைப் பாராட்டுகிறது என்றிருந்தது. உதவிப் பயிற்றுநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ரெண்டு குழுவும் சேத்து நாம சொல்லிக்குடுத்தது நாப்பத்தொரு பேருக்குதானே சார்?" என்றார். நானும் யோசித்தேன். எங்கள் பெஞ்சுகளில் இருபத்தைந்து பேருக்கு மேல் உட்கார்ந்தால் கடைசி ஆள் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். சரி, பாராட்டு என்று வந்தால் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்று இரண்டாம் பத்திக்குப் போனேன். அங்கேதான் உச்சி சூடேறியது.

பயிற்சி பெற்ற அத்தனை பேரும் பயிற்சிக்குப் பிறகு அமிலம் பட்டுக் காயமடைந்திருக்கிறார்களாம். பயிற்சிக்கு முன்னால் காயம்பட்டதாகத் தகவல் எதுவும் இல்லையாம். ஆகவே காயத்துக்குப் பயிற்சியே காரணமாக இருக்கலாம் என்று துறை கருதுகிறதாம். மானியத்தை ஏன் நிறுத்தக்கூடாது என்று விளக்க வேண்டுமாம். மாப்பிள்ளை, நீங்கள் கெட்டிக்காரர் என்றுதான் பெண் கொடுத்தோம். குடை பிடித்துப் போனவர்கள் எல்லாரும் நனைந்திருக்கிறார்கள், ஆகவே மழைக்குக் குடைதான் காரணம் என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் அதில் கையெழுத்துப் போடுவீர்களா? (இந்த வரியை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டப் போவதில்லை.)

டீச்சரம்மா பீரோவிலிருந்து படிவங்களின் நகலை எடுத்து மேசையில் பரப்பினார். பார்த்தால், நாற்பத்தொரு படிவத்திலும் முப்பத்திரண்டு கட்டத்திலும் டிக். ஆண் என்பதிலும் டிக், பெண் என்பதிலும் டிக். வயது முப்பதுக்குள், முப்பதிலிருந்து நாற்பத்தைந்து, அதற்கு மேல் என்ற மூன்றிலும் டிக். உங்கள் இயந்திரம் ஒவ்வொரு ஆளையும் மூன்று வயதில் மூன்று ஆளாக எண்ணியிருக்கிறது, நூற்று இருபத்து மூன்று வந்த வழி அதுதான். அதே படிவத்தில் முப்பத்தொன்பது ஆண்கள் கர்ப்பமாக இருப்பதாகவும் டிக் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் துறை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிட, ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று பச்சை மையில் ஒரு கையெழுத்து இருந்தது. அது என் கையெழுத்து.

மறுநாள் முதல் வேலையாக நானும் டீச்சரம்மாவும் படிவக் கட்டோடு கிளம்பினோம். முதலில் பிடித்தது நெட்டையை. போன குழுவில் முதல் மதிப்பெண் வாங்கியவன், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, கதவுநிலையில் தலை இடிக்கிற உயரத்தால் நெட்டை என்றே நிலைத்துவிட்டது. வாசலில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தான். உனக்கு அமிலம் பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றான். கையைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு கீறல் கிடையாது. பிறகு ஏனப்பா டிக் போட்டாய் என்று கேட்டதற்கு, அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"காலியா விட்டா ஆளு காலின்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான்.

மாப்பிள்ளை, இங்கே நான் பீப்பாய்ச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பீப்பாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சீட்டில் பதினான்கு கட்டம் இருக்கும். பெயர்ச்சீட்டைப் படித்தாயா, கையுறை சரியா, காற்று எந்தப் பக்கம், மூடி உப்பாமல் இருக்கிறதா, பக்கத்தில் துணைக்கு ஆள் நிற்கிறானா என்று. பதினான்கிலும் டிக் விழுந்தால்தான் மூடியில் கை வைக்கலாம். ஒன்று காலியாக இருந்தாலும் பின்னால் நகர்ந்துவிட வேண்டும். 'ஒரு கட்டம் காலியென்றால் ஆளே காலி' என்பது நான் கட்டிய வாசகம். ஐந்து நாளும் காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை எல்லாரையும் கூட்டாகச் சொல்ல வைப்பேன். கீழே டயர்க் கடைக்காரருக்கே மனப்பாடம். இப்படிப் பழகியவன் கையில் முப்பத்திரண்டு கட்டத்தைக் கொடுத்துக் காலியாக விடு என்றால் விடுவானா? எனக்கே காலிக் கட்டத்தைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கும். எல்லாம் நிறைந்திருந்ததைப் பார்த்து மனம் நிறைந்துதான் நானும் பச்சை மையில் போட்டுவிட்டேன். ஆசிரியன் எவ்வழி, மாணவன் அவ்வழி.

நான்கு நாளில் நாற்பத்தொரு பேரையும் வீடு வீடாகப் பார்த்தோம். நானும் டீச்சரம்மாவும் கையைக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், வைத்தியர் வந்திருக்கிறார் என்று ஒரு வீட்டில் அடுத்த வீட்டுக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அமிலம் பட்டவர் ஒருவர்கூட இல்லை. பூஜ்யம். இதைத்தான் துறை திருத்திக்கொள்ள வேண்டும்: பயிற்சி பெற்றவர் நாற்பத்தொன்று, காயம்பட்டவர் பூஜ்யம், கர்ப்பிணி பூஜ்யம்.

நெட்டை கடைசியில் சொன்ன ஒரு விஷயத்தையும் எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். நான்கு மாதத்துக்கு முன் ஒரு கிடங்கில் பீப்பாய்ச் சீட்டில் பதின்மூன்று டிக் போட்டுவிட்டான். மூடி மட்டும் லேசாக உப்பியிருந்தது, அந்தக் கட்டம் காலி. எல்லாரையும் பின்னால் நகரச் சொல்லிவிட்டான். லாரி காத்திருக்கிறது, ஒரே ஒரு கட்டம்தானே, போட்டுவிட்டுத் திற என்று மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். இவன் அசையவில்லை. வெயில் ஏறியது. மத்தியானம் அந்த மூடி தானாகவே பறந்து கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்தது பீறிட்டு, முப்பது அடி தள்ளி நின்ற லாரிக் கதவின் பெயிண்டை உரித்துவிட்டது. பீப்பாயைச் சுற்றி ஆள் இல்லை. ஏனப்பா இதை அப்போதே சொல்லவில்லை என்றேன். "ஒண்ணும் நடக்கலையே சார், என்னன்னு சொல்றது" என்றான்.

அவன் பிள்ளைகள் மூன்றும் வாசலில் சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை, உங்கள் படிவத்தில் நடந்ததற்கு முப்பத்திரண்டு கட்டம் இருக்கிறது. நடக்காமல் போனதற்கு ஒரு கட்டம் இல்லை. நாங்கள் பத்தொன்பது வருடமாகச் செய்துகொண்டிருப்பது முழுக்க அந்த இல்லாத கட்டத்தில்தான் இருக்கிறது.

இப்போது அவசரம் என்னவென்றால், வருகிற திங்கட்கிழமை இருபத்திரண்டு பேர் புதிதாக வர வேண்டும். ஊர்க்கோடியில் மூடிக் கிடக்கிற பெயிண்ட் தொழிற்சாலையில் முந்நூறு பீப்பாயைத் திறக்கப் போகிறவர்கள். மானியம் நின்றால் பயிற்சி நிற்கும், வேலை நிற்காது. ஒப்பந்தக்காரரிடம் பேசிப் பார்த்தேன். "நீங்க கவலப்படாதீங்க சார், அரை மணி நேரம் நானே சொல்லிக்குடுத்து உள்ள அனுப்பிடறேன், மூக்குல கைக்குட்டை கட்டிக்குவாங்க" என்கிறார். கைக்குட்டை. எனக்கு அந்த இருபத்திரண்டு பேரின் முகம்கூடத் தெரியாது, ஆனால் ஆறு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாமனார் என்பதற்காகச் சலுகை காட்டச் சொல்லவில்லை. கணக்கெடுப்பில் நேர்ந்த பிழையைத் திருத்தித் திங்கட்கிழமைக்குள் ஆணை அனுப்புங்கள். இதை ஐயாவாகவும் கேட்கிறேன், அம்மையீராகவும் கேட்கிறேன்.

எங்கள் ஒழுங்கைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் நேரில் வந்து பாருங்கள். மாடிப்படிக்கு மேலே 'ஓடாதே' என்று டீச்சரம்மா முழ உயரத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். தீயே பிடித்தாலும் நடந்துதான் இறங்க வேண்டும், ஓடுகிறவன் விழுவான் என்பது எங்கள் முதல் நாள் பாடம். பத்தொன்பது வருடத்தில் இந்த மையத்துக்குள் ஒருவருக்கு நகம் பெயர்ந்ததில்லை.

என் மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள். வாழ்க்கையில் ஒரு கட்டமும் காலியில்லாமல் நிறைவாக இருங்கள். அத்தை உங்களை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்,
மையப் பொறுப்பாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டீச்சரம்மா காலையில் அனுப்பிய ஒப்புகைப் படிவத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "சார், அஞ்சாவது கட்டத்தப் படிச்சீங்களா?" என்றார். அதில் ஆறு கட்டம். கடிதம் கிடைத்தது, படித்தேன், புரிந்தது, விளக்கம் அளிப்பேன் என்று நான்கு. ஐந்தாவது, 'விளக்கம் அளிக்க விரும்பவில்லை, மானியத்தை முடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்'. ஆறாவது, மேற்கண்டவை உண்மை. ஆறிலும் டிக் போட்டிருக்கிறேன். அடியில் பச்சை மையில் 'சரிபார்த்தேன்' என்றும் இருக்கிறது.

சன்னலில் பார்த்தால் தபால்காரர் தெருச் சுற்றை முடித்துவிட்டு, பையோடு எதிர்வரிசைத் தேநீர்க் கடையில் குடித்து முடித்துச் சைக்கிளை நகர்த்திக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு பேர் கண் முன்னால் வந்தார்கள். ஓடினேன். 'ஓடாதே' என்பதற்கு நேர் கீழே மூன்றாவது படியில் கால் பிசகி, மிச்சம் ஒன்பது படியை உட்கார்ந்தபடியே இறங்கினேன். டயர்க் கடைக்காரர்தான் தூக்கி நிறுத்தினார். இடது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருக்கிறது, தபால்காரர் போய்விட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, நாளையோ மறுநாளோ பழுப்பு உறையில் ஒரு படிவம் உங்கள் மேசைக்கு வரும், தயவுசெய்து மாமனாருக்காக அதைத் திறக்காமல் தொலைத்துவிடுங்கள். மேலே நான் எழுதிய பூஜ்யத்தையும் அடித்துவிட்டு ஒன்று என்று போட்டுக்கொள்ளுங்கள், பொய்க்கணக்குக் கொடுத்துப் பழக்கமில்லை. காயம்பட்டவர் இங்கே பயிற்சி பெற்றவரா என்று உங்கள் படிவம் கேட்கும். பெற்றவரில்லை, கொடுத்தவர். அதற்கும் உங்களிடம் கட்டம் இல்லை.