தொண்ணூறு கிலோ டன் பாய்

லாரிகளை எடை போடும் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, தன் சொந்த எடையைப் பார்த்து, அதற்குச் சீட்டும் அடித்து வைத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் டன் பாய். உலகத்தை நான் முழுசாகச் சுற்றிப் பார்த்ததில்லை. ஆண்டிபட்டியைத் தாண்டினாலே எனக்கு பஸ்ஸில் குமட்டும். இருந்தாலும் இதை அடித்துச் சொல்வேன்.

பழனிசெட்டிபட்டியில், கம்பம் போகும் சாலை ஓரத்தில் இருந்தது அவருடைய எடை மேடை. அவருக்குச் சொந்த ஊர் உத்தமபாளையம். நிஜப் பெயரை ரேஷன் கார்டு எழுத வந்தவரைத் தவிர யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் அப்போது ஓடைப்பட்டியில் ஒரு திராட்சை வியாபாரியிடம் வேலை பார்த்தேன். பழம் ஏற்றிய மினி லாரியோடு வந்து, பாயின் மேடையில் எடை போட்டு, சீட்டை டிரைவரிடம் கொடுத்து வழியனுப்ப வேண்டும். பழ சீசனில் வீட்டில் இருந்ததைவிட அங்கே இருந்ததுதான் அதிகம்.

பாய் அப்போது நூற்றி எழுபது கிலோ. இது குத்துமதிப்பு இல்லை, மேடை சொன்ன எடை. ஆஸ்பத்திரிகளில் இருக்கும் எடை மெஷின்கள் அவர் ஒரு காலை வைத்ததுமே முள்ளைக் கடைசி வரை தள்ளிவிட்டு நின்றுவிடும். கம்பம் பஸ்ஸில் அவர் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “பாய், கொஞ்சம் நடுவுல வந்து உக்காருங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்குது” என்பார். பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். வண்டி, எடை என்று வந்துவிட்டால் அவருக்கு அது தொழில் பேச்சு. எழுந்து நடுவில் வந்து உட்காருவார்.

அந்த மேடையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். எண் தெரியும் பெட்டி உள்ளே அறையில் இருந்தது. அதனால் பாய் மேடையில் நின்றால் யாராவது உள்ளேயிருந்து படித்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். இரண்டாவது, பெரிய லாரிகளுக்கான மேடை என்பதால் அது பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். இடையில் உள்ள சில்லறை அதன் கண்ணில் படாது.

உடம்பு ஏற ஏற பாய்க்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வந்தது. ஒரு நாள் வைக்கோல் லாரியை மேடையில் ஏற்றிவிட்டு அப்படியே தூங்கிவிட்டார். பின்னால் ஏழு லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் எழுந்து, “யாரு வீட்டுல கல்யாணம்?” என்று கேட்டார். அன்றைக்கு அவருடைய மனைவி அழுத அழுகையில்தான் கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சம்மதித்தார். அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் பாயம்மா என்போம்.

இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை வேறு வழியாகத் திருப்பி இணைத்துவிட்டார்கள். கிளம்பும்போது டாக்டர், வாழ்நாள் முழுக்க சத்து மாத்திரை சாப்பிட வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பாய் ‘வாழ்நாள் முழுக்க’ என்பதை, குக்கர் விற்கிறவர்கள் சொல்வது மாதிரி எடுத்துக்கொண்டார். முதல் வருஷம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். பிறகு விட்டுவிட்டார்.

எடை மளமளவென்று இறங்கித் தொண்ணூறில் வந்து நின்றது. பழைய டிரைவர்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. குமுளிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மலையாளி டிரைவர் பாயிடமே வந்து, “பாய் எவிடே?” என்று கேட்டார். “நாந்தாம்ப்பா” என்றார் பாய். அவர் நம்பவில்லை. பாய் உள்ளே போய்த் தன் பழைய சட்டையை எடுத்து வந்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டி, உள்ளே தலையணையும் வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் அந்த ஆள் வண்டியை மேடையில் ஏற்றினார்.

இனிப்பு மட்டும் அவருக்கு எதிரியாகிவிட்டது. கம்பத்தில் ஒரு கல்யாணத்தில் ஆசைக்கு இரண்டு கரண்டி தம்ரூட் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுக்க வைக்கும்படி ஆகிவிட்டது. பெண்ணைப் பெற்றவர் மாரடைப்பு என்று நினைத்து அலறிக்கொண்டு கார் தேடி ஓடினார். பாய் ஒரு கண்ணைத் திறந்து, “ஒண்ணுமில்ல, சரக்கு எறங்குற எடம் மாறிப்போச்சு. செத்த நேரத்துல சரியாயிரும்” என்றார். சரியாகவும் ஆனது.

ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தப் பரிசோதனையை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. பாய் யோசித்தார். ஆபரேஷன் நடந்தது எடைக்காக. அப்படியானால் அவர்களுக்கு வேண்டியது எடை. செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நின்றார். நான் உள்ளேயிருந்து, “தொண்ணூறு பாய்” என்றேன். சீட்டு அடிக்கும் மெஷின் வண்டி எண் கேட்டது, பாய் தன் மொபெட்டின் எண்ணைப் போடச் சொன்னார். சரக்கு என்ன என்று கேட்டது. வாழை, திராட்சை, தேங்காய், வைக்கோல், இதர என்று ஐந்துதான் இருந்தது. ‘இதர’ போட்டோம். அந்தச் சீட்டைத் தபாலில் சேர்த்துவிட்டு, நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அங்கிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தார். தப்பான இடத்துக்கு ஏதோ வண்டிச் சீட்டு வந்திருக்கிறது என்று அவர் சொல்ல, “அது வண்டி இல்லம்மா, நாந்தான். நல்லா இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க” என்று பாய் போனை வைத்துவிட்டார். இப்படியே வருஷத்துக்கு ஒரு சீட்டு போனது. எல்லாவற்றிலும் தொண்ணூறு. எல்லாவற்றையும் படித்துச் சொன்னவன் நான்.

நாலாவது வருஷம் பாய் ஒற்றைச் செருப்போடு டீக்கடைக்கு வந்தார். இன்னொன்று சாலை நடுவில் கிடந்தது. கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. “பஞ்சு மேல நடக்குறாப்புல இருக்குப்பா. எடை கொறைஞ்சா இப்புடித்தான் இருக்குமாம்” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். “நாந்தான் சொல்றேன்” என்றார். நாங்களும் சிரித்துவிட்டு டீ குடித்தோம்.

அடுத்த மாதம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டியில் விழுந்துவிட்டார். முகம் கழுவக் கண்ணை மூடினாராம், உடம்பு தானாகச் சாய்ந்துவிட்டதாம். தூக்கிவிட்ட பெரியவர், “பழைய ஒடம்போட விழுந்திருந்தீகன்னா தொட்டியில தண்ணியே மிஞ்சியிருக்காது” என்றாராம். பாய் இதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறு வாரம் திரும்பவும் விழுந்தார். அதைச் சொல்லவில்லை. பாயம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

சித்திரை மாதம், நண்பகல். அந்த வருஷத்துச் சீட்டு அடிக்க வேண்டும் என்று பாய் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார். மேடை முழுக்க இரும்புத் தகடு. அந்த வெயிலில் லாரி டிரைவர்கள் செருப்போடு நடக்கவே முகம் சுளிப்பார்கள். பாய் நிதானமாக நின்றார். ஆடாமல் நின்றால்தான் எண் சரியாக வரும் என்பது அவர் கொள்கை. இரண்டு டிரைவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒருவர், “பாய்க்கு எம்புட்டு வைராக்கியம் பாத்தியா” என்றார். நான் வழக்கம்போல, “தொண்ணூறு பாய்” என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்தவன், செருப்பைக் கழற்றி ஒரு பாதத்தை மேடையில் வைத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது. ஒரு நொடிகூட வைக்க முடியவில்லை.

“பாய், கால் சுடலையா?”

“யாரு காலு?”

கையைப் பிடித்து இறக்கி, நிழலில் உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அவரும் எட்டிப் பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல. முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. “ஏலே, எனக்கு ஒண்ணுமே தெரியலயே” என்றார்.

தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்தம் எடுக்கச் சொன்னார். பழைய ரிப்போர்ட் கேட்டார். பாய் பெருமையோடு கோப்பை நீட்டினார். டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் படித்தார். மொபெட் எண்ணைக்கூடப் படித்தார். பிறகு, “எடையெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய். உள்ளதான் சரக்கே இல்ல” என்றார்.

குடலைத் திருப்பி இணைத்துவிட்டதால் நரம்புக்கு வேண்டிய ஒரு வைட்டமின் சாப்பாட்டிலிருந்து உடம்பில் சேரவில்லையாம். பழைய இருப்பை வைத்து மூன்று நான்கு வருஷம் ஓடியிருக்கிறது. அது தீர்ந்ததும் காலில் நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது. இனி ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நின்றுபோன உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது, திரும்பாமலேயும் போகலாம், நடை அதைப் பொறுத்துத்தான் என்றார். பாயம்மா, “நான் தெனமும் கேட்டேன், மாத்திரை போட்டீகளான்னு. எடை அப்புடியே இருக்குன்னு சொன்னாக” என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அந்த எடையைப் படித்துச் சொன்ன வாய் என்னுடையது. அந்த அறையில் என்னால் நிற்க முடியவில்லை.

கொப்புளம் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஊசி முதலில் தினமும், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடந்தார். மேடையை மருமகன் பார்த்துக்கொண்டார். டாக்டர் ஒரு பரீட்சை சொல்லிக் கொடுத்திருந்தார். பாய் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், வேறொருவர் ஒரு விரலைத் தொட வேண்டும், எந்த விரல் என்று அவர் சொல்ல வேண்டும். பாய் இதில் வெட்கமில்லாமல் ஏமாற்றினார். பாயம்மாவின் வளையல் சத்தத்தை வைத்து, “வலது காலு, கடேசி வெரலு” என்பார். பாயம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டார். அதற்குப் பிறகு பாய் சொன்னதெல்லாம் தப்பு. அவருக்கே அது தெரிந்து, பேச்சு குறைந்துவிட்டது.

நான் லோடு இல்லாத நாட்களில் போய் உட்காருவேன். என்னைப் பார்த்து ஒரு நாளும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

மார்கழி மாதம் ஒரு காலையில், ஓடைப்பட்டியிலிருந்து பைக்கில் நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கை இரண்டும் விறைத்திருந்தன. பாய் நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். பாயம்மா அடுப்படியிலிருந்து, “இன்னைக்கு நீ பரீட்சை வையி தம்பி. எனக்குப் பாத்துப் பாத்து மனசு விட்டுப்போச்சு” என்றார். நான் தரையில் உட்கார்ந்து, சத்தம் வராமல், வலது காலின் பெருவிரலைப் பிடித்தேன். பாய் தூங்குகிறாரோ என்று நினைத்தேன்.

“ஏலே,” என்றார் பாய், கண்ணைத் திறக்காமல். “கை ஏன் இம்புட்டுச் சில்லுன்னு இருக்கு? கையுறை கிய்யுறை போட்டு வண்டி ஓட்டக் கூடாதா?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கையை எடுக்கச் சொல்லி அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். எனக்கு அந்தக் காலை விட மனசு வரவில்லை.