மூன்றுக்கு ஒரு புளுகு

"நான் பாக்கிறன் அண்ணை," என்றான் கொட்வின், பந்தயத்துக்குச் சமமாகத் தன் பங்கையும் தள்ளி.

விமலநாதன் தன் சீட்டுத் தாள்களைத் திருப்பிப் போட்டார். கையில் ஒன்றுமில்லை. மேசை நடுவே அவர் தள்ளிவைத்திருந்த சிப்ஸ் வில்லைகள் முழுவதையும் கொட்வின் வாரி அணைத்துக்கொண்டான்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் போக்கர் கிளப்பில் இது ஊரறிந்த கதை. விமலநாதனிடம் நல்ல தாள் இருந்தால் எல்லோரும் மரியாதையாக விலகிவிடுவார்கள். ஒன்றுமில்லாமல் பந்தயம் வைத்துப் புளுகினால் மட்டும் பந்திக்கு முந்துவதுபோல் முந்திக்கொண்டு பிடிப்பார்கள்.

கிளப்பில் ஆட்டம் காசுக்கல்ல, கோப்பைக்கு. அவருக்கு வேண்டியதும் அதுதான். வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் மகனின் உதைபந்தாட்டக் கோப்பைகளும் மகளின் நடனக் கேடயங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அலுமாரியைச் செய்தவர் விமலநாதன். அதற்குள் அவர் பெயர் பொறித்த சாமான் ஒன்றுகூட இல்லை.

மனைவி சுந்தரேஸ்வரி தேத்தண்ணிப் போத்தலோடு எந்த ஆட்டத்துக்கும் வந்து, அவர் கதிரைக்குப் பின்னாலேயே நிற்பாள். தாளைத் தூக்கும்போது அவர் தோளைச் சரித்து அவளுக்கும் காட்டிவிடுவார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளுக்குக் காட்டாமல் அவர் ஒரு விண்ணப்பத்தில்கூடக் கையெழுத்து வைத்ததில்லை. அவளும் இடைக்கிடை தாலிக்கொடியை உருட்டியபடி நல்லூர் முருகனை அந்த மேசைக்கே அழைத்துக்கொண்டிருப்பாள்.

"உங்கட பிழை எனக்கு விளங்கீட்டுது," என்றாள் அவள், காரில் திரும்பும்போது.

"என்னப்பா?"

"வீட்டில கறி இல்லாத நாளிலதானே வந்த சனத்தைச் 'சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்' எண்டு கத்திக் கூப்பிடுவியள்? கறி இருந்தால் சத்தமில்லாமல் சாப்பாட்டைப் போடுவியள். இஞ்சயும் அதுதான். ஒண்டுமில்லாட்டி அள்ளி வைக்கிறியள். இருந்தால் கிள்ளி வைக்கிறியள்."

விமலநாதனுக்குச் சுருக்கென்றது. உண்மைதான்.

அன்றிலிருந்து காணொளிகளில் கிடந்து படித்தார். நடுவில் எவ்வளவு கிடக்கிறதோ அவ்வளவையே எப்போதும் வைக்க வேண்டும். இரண்டு தரம் உண்மைக்கு வைத்தால் ஒரு தரம் புளுகுக்கும் அதே அளவு. அப்போது எது மெய், எது பொய் என்று எந்தக் கொம்பனுக்கும் பிடிபடாது.

கொட்வினுக்குப் பிடிபட்டது. அடுத்த ஆட்டத்தில் முதல் ஆளாக வெளியே வந்தவர் விமலநாதன்.

"பழக்கம் காணாது," என்றாள் சுந்தரேஸ்வரி. "வீட்டில பழகுங்கோ."

கொட்வின் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்பவன், சனிக்கிழமைகளில் வீட்டுக்கும் வருவான். அந்தச் சனிக்கிழமை வீட்டில் பழைய பாண் மட்டுமே இருந்தது. விமலநாதன் குரலை அளந்து, "சாப்பிட்டிட்டுப் போமன்," என்றார். குசினி வாசலில் சுந்தரேஸ்வரி தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொட்வின் குசினிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "வேண்டாம் அண்ணை, இப்பதான் சாப்பிட்டனான்."

அடுத்த சனிக்கிழமை நண்டுக்கறி. அதே குரல், அதே அளவு. கொட்வின் குசினியைப் பார்த்தான், எழும்பினான், கை கழுவினான். நண்டில் கால்கூட மிஞ்சவில்லை.

"மூஞ்சைதான் காட்டிக் குடுக்குது," என்று முடிவு கட்டினாள் சுந்தரேஸ்வரி. கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டார். சிவப்புத் தாள் எது, கறுப்பு எது என்று தெரியாமல் தோற்றார். கடைசியில் புளுகும் பொறுப்பையே கைக்கடிகாரத்திடம் விட்டார். பார்க்கும்போது விநாடி முள் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில், அந்த மூன்றிலொரு பங்கில், நின்றால் புளுகு, இல்லாவிட்டால் இல்லை.

வருடாந்தக் கோப்பைக்கான ஆட்டத்தன்று, காரை மாற்றி நிறுத்தச் சொல்லி யாரோ கூப்பிட, சுந்தரேஸ்வரி வெளியே ஓடினாள். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் திரும்பத் திரும்பப் புளுகச் சொன்னது. புளுகினார். என்ன அதிசயம், ஒருவரும் பிடிக்கவில்லை! அவள் திரும்பி வந்தபோது மேசையில் மிச்சம் இரண்டே பேர்: விமலநாதனும் கொட்வினும்.

"கணக்கு வேலை செய்யுதப்பா!"

"ஐயோ, நான் இல்லாத நேரம் பாத்தே வெண்டனியள்? இனிச் செத்தாலும் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன்."

தாள் பகிர்ந்தவள் லிசா. ஆட்டம் நடக்கும்போது பகிர்பவர் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது விதி. அவள் பேசாமல் கடைசித் தாளைத் திறந்தாள்.

தாள்கள் வரிசையாக அமைய விமலநாதனுக்கு ஒரேயொரு ஒன்பது தேவைப்பட்டது. வந்தது ராணி. கடிகாரத்தைப் பார்த்தார். முள் மூன்றில் நின்றது. நடுவில் கிடந்த அதே அளவை, கை நடுங்காமல், முகம் அசையாமல், மூச்சுக்கூட அளந்து தள்ளினார். அவருடைய மிச்சம் எல்லாம் அதில் போனது. வாழ்நாளில் அவ்வளவு அழகாக அவர் புளுகியதில்லை.

கொட்வினிடம் சோடி நாலு மட்டுமே. அவரது தலைக்கு மேலால் எங்கோ பார்த்து யோசித்தான்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. பாக்கிறன்."

முடிந்தது. கோப்பை கொட்வினுடையது.

விமலநாதன் எழுந்திருக்கவில்லை. சுந்தரேஸ்வரிக்குக் கண் கலங்கியது. தேத்தண்ணியை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "போகட்டும் விடுங்கோ. அந்த அலுமாரியே உங்கட கோப்பைதான்."

"எல்லாம் சரியாத்தானேயப்பா செய்தனான்? அளவு சரி, முகம் சரி..."

தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த லிசாவுக்கு மனம் கேட்கவில்லை. ஆட்டந்தான் முடிந்துவிட்டதே. சுந்தரேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் சொன்னாள்:

"அடுத்த தடவை இந்தத் தங்கச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், அவர் புளுகும்போது மட்டும் நீங்கள் உருட்டுகிற இதைப் பார்த்துத்தான் இந்தக் கிளப்பே விளையாடுகிறது."