சும்மா நின்ற சுவர்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம்தான். தலைக்கு மேல் கூரை இருக்கிறது, கூரைக்கு மேல் யாரும் குடியிருக்கவில்லை, ஆகையால் எதுவும் ஒழுகவில்லை. உங்கள் தங்கை அங்கே சரியாகச் சாப்பிடுகிறாளா என்று நான் கேட்கப் போவதில்லை. கோபமாக இருந்தால் அவள் இரண்டு கவளம் கூடவே சாப்பிடுவாள் என்பது சின்ன வயதிலிருந்தே உங்களுக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். "என்ன மாப்ள, வீடு விழுந்து இவ்வளவு நாளாச்சு, ஒரு கையெழுத்துப் போட இன்னும் மனசு வரலையா?" என்று போனில் கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. காரணம், உங்கள் தங்கை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேசவும் மாட்டாள், போகவும் மாட்டாள், மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு எனக்கு வாதாட வராது. அதனால் என் தரப்பு நியாயத்தை எழுத்தில் வைக்கிறேன். நிதானமாகப் படியுங்கள்.

கட்டடம் விழுந்த அன்று எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம். கூட்டம் என்றால் வண்டி நிறுத்தும் இடத்தை விட்டுத் தள்ளி, மதில் ஓரமாக எல்லாரும் நின்றுகொண்டு கத்துவது. உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடும் என்று நாற்காலி போடுவதில்லை. அன்றைக்குப் பேச்சு, என் குளியலறை ஒழுகலை யார் சரி செய்வது என்பது. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தே தலை நரைத்தவன் நான். எந்த மீட்டரிலும் ஏறாத தண்ணீர் என் வாளியில் ஏறிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேல்வீட்டுக்காரர், அதுதான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாரே அவர், கையைக் கட்டிக்கொண்டு சொல்கிறார்: "என் வீட்டுத் தரை நல்லாத்தான் இருக்கு. உங்க கூரைதான் சரியில்ல." என் கூரையும் உன் தரையும் ஒன்றுதானய்யா என்று நான் கத்த, கீழ்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு டேப்போடு நடுவில் வந்து நிற்க, மேல்வீட்டுக்காரருக்கும் மேல்மாடியில் இருக்கும் பல் டாக்டர் நோயாளியை அப்படியே வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி வந்தவர் போல முகக்கவசத்தோடு நிற்க, உங்கள் தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சத்தம் போடாதீங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தது. தூசி அடங்கிப் பார்த்தால் எதிரே வானம். சண்டை போட ஒருவர் விடாமல் இறங்கி வந்திருந்ததால் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் மட்டும் ஒற்றுமையாக இருந்திருந்தால் அவரவர் வீட்டில் நிம்மதியாகப் படுத்திருந்திருப்போம்.

இப்போது மூடிக் கிடந்த ஒரு மரச்சாமான் கடையின் கிடங்கில் எங்களை வைத்திருக்கிறார்கள். விற்காமல் போன பீரோக்களை வரிசையாக நிறுத்தி வீடு வீடாகப் பிரித்திருக்கிறார்கள். என் வீட்டின் ஒரு பக்கச் சுவர், ஆள் உயரக் கண்ணாடி வைத்த பீரோ. அந்தப் பக்கம் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே டிரைவிங் மாஸ்டர். இத்தனை நாள் தலைக்கு மேல் இருந்தவர் இப்போது காதுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பீரோவின் முதுகு அவர் பக்கம், கதவு என் பக்கம், உள்ளே இருக்கும் துணி அவருடையது. காலையில் நான் சவரம் செய்துகொண்டிருப்பேன், "வரலாமா அண்ணே?" என்று ஒரு குரல் வரும், பாதி நுரையோடு இருக்கும் என் முகம் கண்ணாடியோடு சேர்ந்து திறந்துகொண்டு போய்விடும், அவர் சட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தின பிறகுதான் எனக்கு என் முகம் திரும்பக் கிடைக்கும். அவருடைய வீட்டம்மா தினமும் கேட்கிறாங்க, "அக்கா எப்ப வர்றாங்க?" என்று. வந்துடுவா, வந்துடுவா என்று நானும் தினமும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் பழைய மனைக்குப் போகிறோம். இடிந்ததையெல்லாம் அள்ளிவிட்டார்கள், வெறும் தரைதான். சங்கக் கூட்டத்தை அங்கேதான் நடத்துகிறோம். முதல் கூட்டத்தில் தையல்காரம்மா வந்த வேகத்தில் தன் வீடு இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். உடனே எல்லாரும் அவரவர் வீட்டில் நிற்க வேண்டும் என்று வழக்கமாகிவிட்டது. தரை வீட்டுக்காரர்களுக்குச் சரி. எங்கள் வரிசையில் நாலு வீடும் ஒன்றன் மேல் ஒன்று. ஆகையால் தையல்காரம்மாவின் முன்னறையில் நாங்கள் நாலு குடும்பமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறோம். "கொஞ்சம் தள்ளுங்க, என் மெஷின் மேல நிக்கிறீங்க" என்கிறார் அந்த அம்மா, மெஷின் இருந்த இடத்தைக் காட்டி. தள்ளித்தான் நிற்கிறோம். நான் அண்ணாந்து பார்க்கிறேன். எங்கள் சமையலறை இருந்த உயரத்தில் ஒரு காக்கை பறந்து போகிறது. உங்கள் தங்கை அடுப்புக்கு முன்னால் நிற்கும் இடம் சரியாக எது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

போன கூட்டத்துக்கு மாநகராட்சி இன்ஜினியர் அம்மா வந்திருந்தார். சின்ன வயது, பெரிய தொப்பி. கட்டடத்தைக் கட்டி விற்றவர் "பராமரிப்பு அவங்க பொறுப்பு" என்கிறார், நாங்கள் "கட்டினது உங்க பொறுப்பு" என்கிறோம், இந்த அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கணும். உங்க வரிசையில நாலு மாடியிலயும் அது இல்ல. எங்க போச்சு?"

டாக்டர் தரையைப் பார்த்தார், மாஸ்டர் டாக்டரைப் பார்த்தார், நான் காக்கையைத் தேடினேன். "அந்தச் சுவர்லதான் எல்லாம் நின்னுச்சு. மிச்சத்தைத் தண்ணி ஒழுகி அரிச்சிடுச்சு" என்றார் அந்த அம்மா. அதாவது ஒழுகலும் காரணம் என்று அவர் வாயாலேயே சொன்னார் என்பதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

மச்சான், அந்தச் சுவர் எங்கே போனது என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். உங்கள் தங்கை, "சமைக்கும்போது ஜெயில்ல இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னாள். நீங்கள் உங்கள் ஆட்களோடு வந்தீர்கள். கட்டட வேலை காண்டிராக்ட் எடுப்பவர் நீங்கள், விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது சும்மா நிக்கிற சுவர் மாப்ள" என்றீர்கள். நானும் நம்பினேன். சாயங்காலத்துக்குள் சுவர் போய்விட்டது. மாஸ்டர் வீட்டம்மா எதற்கோ வந்தவர், வந்த வேலையை மறந்து, நின்று பார்த்துவிட்டு மேலே போனார். அந்த வாரமே மேலிருந்து சம்மட்டிச் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு டாக்டர் வீட்டில், அதற்குப் பிறகு தையல்காரம்மா வீட்டில். கல்யாணப் புடவையைக்கூட இவ்வளவு சீக்கிரம் ஆளாளுக்கு அதே மாதிரி எடுத்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் உங்களையே கூப்பிட்டார்கள். நீங்களும் சலிக்காமல் வந்து தட்டிப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னீர்கள். குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

இன்ஜினியர் அம்மா என்ன சொல்லிவிட்டுப் போனார் என்றால், திரும்பக் கட்ட அனுமதி வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக்காரரும், சுவரை எடுத்தது உண்மை, யார் சொல்லி எடுத்தது, இனிமேல் பராமரிப்பு எல்லாருடைய பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தையல்காரம்மா உடனே போட்டார். டாக்டர் போட்டார். மாஸ்டர்கூட, "எங்க வீட்டம்மா ஆசைப்பட்டா, நான் சரின்னேன்" என்று எழுதிப் போட்டுவிட்டார். நான் மட்டும் போடவில்லை.

அன்று கூட்டம் முடிந்து வந்ததும் உங்கள் தங்கை பையை எடுத்தாள். "ஒழுகல் ஒழுகல்னு எத்தனை நாளைக்குச் சொல்வீங்க? சுவரை எடுக்கச் சொன்னவ நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாலு குடும்பம் தெருவுல நிக்குது. என்னால அவங்க முகத்தைப் பாக்க முடியல. நீங்க போடுற வரைக்கும் நான் வரமாட்டேன்" என்றாள். நான் மாட்டேன் என்றேன். அவள் உங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். பஸ் கிளம்பும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் திரும்பவே இல்லை.

ஏன் மாட்டேன் என்றேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அந்தச் சுவர் இருந்த காலமெல்லாம் நான் முன்னறையில், அவள் உள்ளே. பாத்திரச் சத்தம் கேட்கும், "சாப்பிட வாங்க" என்று குரல் வரும். சுவர் போன மறுநாள் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தவன் நிமிர்ந்து பார்த்தால் அவள் முழுசாகத் தெரிகிறாள். சமைக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் மச்சான். இவ்வளவு வருஷம் எனக்குத் தெரியாது. வெங்காயத்தோடு கோபித்துக்கொள்கிறாள், குக்கரை மிரட்டுகிறாள், நடுவில் யாரோ பழைய சிநேகிதி சொன்ன ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து சிரிக்கிறாள். நான் பார்ப்பது தெரிந்தால் நிறுத்திவிடுவாள் என்று பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதன் ஓரத்தால் பார்ப்பேன். அப்புறம் நான் பேப்பர் ஒழுங்காகப் படிச்சதே இல்லை. நாட்டு நடப்பு எதுவும் தெரியாது எனக்கு. அவ்வளவு நல்லா இருந்த ஒரு காரியத்தை, இவள் செய்த தப்பு என்று என் கையால எழுதணும்னு சொன்னா எப்படி? ஊரே எழுதட்டும், நான் எழுத மாட்டேன். ஒழுகல்தான் காரணம். மாஸ்டர்தான் காரணம். சாகிற வரைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.

மற்றபடி இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு பொதுவில் சமைக்கிறார்கள், பெரிய சட்டியில். சமைப்பவர் யாரோடும் பேசுவதில்லை, தன்னோடுகூடப் பேசுவதில்லை. கை கழுவப் போனால் இடது பக்கம் சுவிட்சைத் தேடுகிறது கை, அங்கே ஒரு டைனிங் டேபிளின் கால்தான் இருக்கிறது. பழகிவிடும். உங்கள் தங்கைக்கு அங்கே நல்ல காற்று, சொந்த அண்ணன் வீடு. கிடங்கில் பீரோ வார்னிஷ் நாற்றம் அவளுக்கு ஆகாது. அவளை அனுப்ப வேண்டாம். அவளே கிளம்பினாலும் ஏதாவது சொல்லி நிறுத்திவையுங்கள். நான் இறங்கி வரப் போவதில்லை, அவளும் இறங்கி வரப் போவதில்லை, ஆகவே அவரவர் இருக்கும் இடத்தில் சௌகரியமாக இருப்பதுதான் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, உறுதியான சுவர்களுக்குள் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உங்கள் முழங்கால் வலிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுங்கள்.

என்றும் உங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை இன்ஜினியர் அம்மா அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுவரை எடுக்கச் சொன்னவன் நான்தான், என் மனைவி எவ்வளவோ வேண்டாம் என்று தடுத்தாள், நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். ஒழுகலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மாஸ்டர் படித்துவிட்டு, "அண்ணே, அக்கா இதைப் பாத்தா உங்களைச் சும்மா விடுவாங்களா?" என்றார். விடமாட்டாள். இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பொய் என்று கத்துவாள், என் பழியை அந்த மனுஷன் எடுத்துக்க யாருன்னு கேட்பாள், உடனே மாற்றி எழுதச் சொல்லுவாள். மாற்றுவதாக இருந்தால் அவளே நேரில் வந்துதான் மாற்ற வேண்டுமாம், விசாரித்துவிட்டேன். நல்ல கோபத்தோடு முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள் மச்சான், ஜன்னல் ஓர சீட்டாகப் பார்த்து.