காஷ்பரை அனுப்புவது பற்றி

பிரியமுள்ள டோரோட்டா அக்காவுக்கு,

இல்லை, சாகவில்லை. நீ கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் உன் பக்கம் கடற்காற்று அடித்துத் தொலைபேசி இணைப்பு அறுந்துவிட்டது. ஆகவே எழுத்தில் சொல்கிறேன். காஷ்பர் உயிரோடு இருக்கிறான். நானும் இருக்கிறேன், நீ அதைக் கேட்கவில்லை என்றாலும். நிக்ஷா அத்தானும் தீவும் ஒலிவ மரங்களும் நலமென்று நம்புகிறேன். இங்கே மேட்டில் மூடுபனி. வேறு செய்தி இல்லை.

நீ சொன்னபடியே செய்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக் குபிஷ்டா மாமாவின் தம்பி மகன் லுபோஷ், தன் படகைக் கரையேற்ற சனிக்கிழமை உங்கள் பக்கம் வருகிறான். வைக்கோல் போட்ட பெட்டியில் காஷ்பரை அவனிடம் ஒப்படைத்துவிடுகிறேன். முடிவாகிவிட்டது. கீழே எழுதுவது எதுவும் அதற்கு எதிரான வாதம் அல்ல. ஆமையை வாங்கிக்கொள்பவருக்கு ஆமையின் அண்மைக்கால வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அதற்காக மட்டும்.

உன் நியாயம் எனக்குப் புரிகிறது.

"அங்க அவன் ஆஸ்பத்திரியில கெடக்குற மாதிரி வாழுறான் வெண்டுலா," என்றாய். "விளக்கு, ஒயரு, தெர்மாஸ்டாட். இங்க ஆமைங்க ரோட்டுல சும்மா நடந்து போகுதுடி. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

உண்மை. அவன் அந்த ஊர்க்காரன். நாம்தான் தூக்கிவந்தோம். விடுமுறைக்குக் கடலுக்குப் போகும்போது அம்மா பொரித்த இறைச்சித் துண்டுகளை அடுக்கிய டப்பா. திரும்பும்போது அதில் அவன். எல்லையில் அதிகாரி கார்க் கதவைத் திறந்தபோது நீ டப்பாவின் மேல் உட்கார்ந்து தூங்குவதுபோல் நடித்தாய். நான் அம்மா மடியில் நிஜமாகவே தூங்கினேன். கடத்தலில் என் பங்கு அவ்வளவுதான். காவல் மட்டும் என் பங்குக்கு வந்துவிட்டது.

அந்த ஊர் அவனுக்கு நினைவிருக்கிறதா, தெரியாது. வெயில் வந்தால், தோட்டத்தில் அவனுக்காகக் கட்டிய கண்ணாடிக் கூட்டின் தெற்கு மூலைக்குப் போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பான். வெயில் அங்கேதான் விழுகிறது. அதற்குமேல் அர்த்தம் தேடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் கேட்கிறேன். சில நாள் கேட்பதில்லை.

உடல்நிலை. ஓடு கெட்டி. கண் தெளிவு. மூக்கில் குமிழி இல்லை.

இந்தக் கோடை கோடையாக இல்லை. ஜூலையில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தோட்டத்தில் நின்றேன். வெறும் குளிரை அவன் தாங்கிக்கொள்வான். குளிரும் ஈரமும் கைகோத்து வந்தால்தான் அவனுக்குச் சளி பிடிக்கும். அதனால் கூட்டின் தரையை உயர்த்தினேன். சுண்ணாம்புக்கல் உடைசல், மணல், மண், எல்லாம் கலந்து சரிவாகப் போட்டேன். மழை தானாக வழிந்துவிடுகிறது. சரிவின் உச்சியில் ஒரு தட்டைக்கல். கல்லுக்கு மேலே விளக்கு. காலையில் அவன் அந்தக் கல்லுக்கு ஏறி வருவது ஒரு நாடகம். பாதி வழியில் நிற்பான். வந்த காரியம் மறந்தவன் போல யோசிப்பான். நான் காபியோடு உட்கார்ந்து பார்ப்பேன். நீ இருந்தால், "லேசாத் தள்ளிவிடேன்டி," என்பாய். நான் தள்ளுவதில்லை. அவன் ஏறி முடித்துவிட்டால் எனக்கு அன்றைக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை.

செப்டம்பரில் காளான் வந்தது. உனக்குத் தெரியும், காளான் வந்துவிட்டால் இந்த மேட்டில் ஒருவருக்கும் புத்தி நிலையாக இருக்காது, எல்லா ஜன்னல் விளிம்பிலும் அலமாரித் தலையிலும் செய்தித்தாள் விரித்துச் சீவிய காளானைக் காயப்போட்டுவிடுவார்கள், கட்டிலுக்கு அடியில் காயப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறோம், ஆனால் இந்த வருடம் மூடுபனி விலகவே இல்லை, எங்கே போட்டாலும் காளான் காயாமல் கறுத்துப்போயிற்று, அப்போது குபிஷ்டா மாமாவின் மனைவி விளாஸ்தா அத்தையின் கண்ணில் பட்டது நம் கூடு, மேட்டிலேயே வெயில் அடிக்கும் ஒரே இடம், நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் காஷ்பரின் கல்லுக்கு மேல் ஒரு கம்பிச் சல்லடை, சல்லடை நிறையக் காளான், கல்லின் ஓரத்தில் இருட்டில் காஷ்பர்.

"என்ன அத்தை இது?"

"விளக்கு சும்மாதானே எரியுது? கரண்டு வீணாப் போகக் கூடாதுல்ல."

"அது காஷ்பருக்கு அத்தை."

"அவனுக்கு எதுக்கு இவ்ளோ வெளிச்சம்? ஒக்காந்து புஸ்தகமா படிக்கிறான்? வீட்டுல நீ ஒருத்தி படிச்சது போதாதா?"

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கழுத்தை நீட்டிச் சல்லடையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை இழுத்துவிட்டான். பிறகு இன்னொன்று. நான் பதறிப்போய்ச் சல்லடையை இழுத்தேன். அத்தையும் இழுத்தாள், வேறு காரணத்துக்காக.

"அத்தை, எல்லாம் நல்ல காளான்தானே?"

"என் காளானைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறந்து கேட்டதில்ல," என்றாள். பிறகு கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "இந்த ஒண்ணு மட்டும்... கண்ணாடி போடாமப் பொறுக்கிட்டேன்."

அன்று முழுவதும் கூட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். குபிஷ்டா மாமா அடிக்கடி வந்து வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவர் என்னைப் போலவே கவலைப்படுகிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் கேட்டார்:

"இன்னும் நடக்குறானா?"

"நடக்குறான் மாமா."

"தெம்பா?"

"எப்பவும் போல."

"சரி. விளாஸ்தா! சூப்பு வெச்சுரு!"

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கும் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடைக்கும் அவர்கள் காஷ்பரிடம் ஒரு துண்டு கொண்டுவர ஆரம்பித்தார்கள். நான் கூட்டுக்குப் பூட்டுப் போட்டேன்.

செப்டம்பர் கடைசியில் முதல் உறைபனி. அச்சகத்தில் பிழை திருத்த இஹ்லாவா நகரத்துக்குப் போனவள் பேருந்தைத் தவறவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். உறைபனி விழுந்தால் குபிஷ்டா மாமா என்ன செய்வார் என்பதை மறந்துவிட்டேன். யாரும் கேட்காமலே வரிசையில் உள்ள எல்லாத் தோட்ட வீடுகளையும் குளிர்காலத்துக்கு மூடுவார். குழாய்த் தண்ணீரை வடித்துவிடுவார். ஜன்னல் பலகையைச் சாத்துவார். கடைசியாக மெயின் ஃபியூஸைக் கழற்றித் தன் வீட்டு ஆணியில் பத்திரமாக மாட்டிவைப்பார். அப்பா இருந்தபோதிலிருந்து செய்கிறார். ஒரு நன்றிகூட எதிர்பார்க்காத மனிதர். அதுதான் சங்கடம். நன்றி எதிர்பார்க்கிறவரைத் திட்டுவது சுலபம்.

நான் திரும்பி வந்தபோது கூட்டின் சுவரில் உள்பக்கம் பனி பூத்திருந்தது. விளக்கு செத்துக் கிடந்தது. கல்லின் மேல் அவன் இல்லை. கைகளால் மண்ணைத் தோண்டினேன். மூலையில், உள்ளே, புதைந்திருந்தான். தூக்கினால் கல்லைத் தூக்கியது போல. அப்புறம் ஒரு பின்னங்கால் மெல்ல உள்ளே போயிற்று. அந்தக் கால் உள்ளே போனதைப் பார்த்து நான் அழுதேன் என்று எழுதலாமா, தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அவனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே வேலிக்குப் போனேன்.

"மாமா, ஃபியூஸ் எங்க?"

"ஆணியில இருக்கு. ஜன்னல் இருட்டா இருந்துச்சு, நீ ஊருக்குப் போயிட்டேன்னு நெனச்சேன். தண்ணி ஒறைஞ்சு கொழா வெடிச்சா அப்புறம் யாரு பாக்குறது?"

"கூட்டுல ஆமை இருக்கே மாமா!"

மாமா நிஜமாகவே யோசித்தார். "ஆமை எங்கயாவது வெடிக்குமா?" என்றார்.

பிறகு என் சட்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய், வீட்டுக்குள் ஓடி, அத்தையின் சுடுதண்ணீர்ப் பையைக் கொண்டுவந்தார். இன்றுவரை என் முகத்தைப் பார்க்கத் துணியாமல், தினமும் வேலி மேல் ஒரு முள்ளங்கி வைத்துவிட்டுப் போகிறார். காஷ்பர் முள்ளங்கி சாப்பிடுவதில்லை. நான் சாப்பிடுகிறேன்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. விளக்கு எரிகிறது. நன்றாகச் சாப்பிடுகிறான். டாண்டிலியன் இலை, காட்டுக்கீரை. பயணத்துக்குத் தயார்.

அங்கே வந்ததும் அவனுக்குத் தக்காளி கொடுக்காதே. நிக்ஷா அத்தான் கொடுப்பார், எனக்குத் தெரியும், அவர் எல்லோருக்கும் தக்காளி கொடுப்பார். முதல் சில நாள் நிழல் உள்ள இடமாகப் பார்த்து விடு. அவனுக்கு அவ்வளவு வெயில் பழக்கமில்லை. கல் வைத்தால் தட்டைக்கல்லாக வை. பாதியில் நின்றால் தள்ளாதே.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கே சொல்வது என்று தெரியாமல் இங்கே வைக்கிறேன்.

ஒவ்வொரு மார்ச்சிலும் நீ வருகிறாய். உறையாமல் ஒரே அளவுக் குளிர் இருக்க வேண்டும் என்று அவனுக்காகவே கொட்டகையில் வைத்திருக்கும் பழைய ஃப்ரிட்ஜிலிருந்து, குளிர்காலம் முழுக்கத் தூங்கியவனை எடுத்து எழுப்ப. வெதுவெதுப்பான தண்ணீரில் அவனை உட்கார வைத்துவிட்டு நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண் திறக்க நேரமாகும். அந்த நேரத்தில்தான் நாம் பேசிக்கொள்கிறோம். அம்மாவைப் பற்றி அங்கேதான் பேசினோம். நீ இனி இங்கே திரும்பி வாழ வரப்போவதில்லை என்று சொன்னதும் அங்கேதான், தொட்டியில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே. போன மார்ச்சில் நீ பேசும்போது நடுவில் ஒரு சொல் அந்தத் தீவின் மொழியில் வந்தது. நீ கவனிக்கவில்லை. எனக்கு அர்த்தம் தெரியவில்லை. கேட்கவுமில்லை. தண்ணீர் ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து போனேன்.

அவன் அங்கே வந்துவிட்டால், மார்ச்சில் உன்னை இங்கே வரவழைக்க என்னிடம் வேறு காரணம் இல்லை. இது வாதம் அல்ல. தகவல்.

நேற்று விளாஸ்தா அத்தை காலிப் பெட்டியில் நான் வைக்கோல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேரா, 'அக்கா, வாடி'ன்னு எழுதிட வேண்டியதுதானே? அதுக்கு நடுவுல எதுக்கு ஓர் ஆமை?"

"எழுதினா வருவாளா அத்தை?"

"வரமாட்டா. ஆனா ஆமைக்கு அலைச்சல் மிச்சம்."

சரி. சனிக்கிழமை இரவுப் படகுக்குத் துறைமுகத்தில் நில். உங்கள் வீட்டுக்கு வெயில் குறையாமல் இருக்கட்டும். இந்த வருட எண்ணெய் கசப்பில்லாமல் இறங்கட்டும். அத்தானுக்கு என் அன்பு. அவருடைய அம்மாவுக்கு என் வணக்கம், அவருக்கு நான் யார் என்று நினைவிருந்தால்.

என்றும் உன் தங்கை,
வெண்டுலா

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. லுபோஷிடமே கொடுக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது அவன் உன் முன்னால் நிற்பான். கையில் பெட்டி இருக்காது. அவனைத் திட்டாதே, மீன் பொரித்துப் போடு.

காஷ்பர் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுதியது பொய். விளக்கு எரிகிறது என்பதும். ஃபியூஸ் போன நாளிலிருந்து அவன் ஓர் இலையைக்கூடத் தொடவில்லை. பயந்துபோய் மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் அவனைப் புரட்டிப் பார்த்தார், எடை பார்த்தார், மூக்கைப் பார்த்தார்.

"நோய் ஒண்ணும் இல்லீங்க. தூங்கப் போறான், அவ்ளோதான். சூடு குடுத்து முழிக்க வெச்சும் அனுப்பலாம். இல்ல, வயிறு காலியாகுற வரைக்கும் பொறுத்து, தூங்கவும் விடலாம். ரெண்டும் தப்பில்ல. ஆனா தூங்க விட்டீங்கன்னா மார்ச் வரைக்கும் யாரும் அவனை அசைக்கக் கூடாது."

இரண்டும் தப்பில்லை என்றார். அதற்குப் பிறகு தினமும் அவனை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, விளக்கின் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். பெட்டியில் வைக்கோல் அடுக்கிய நாளில்தான் முழுவதுமாக அணைத்தேன். மேலே உள்ள கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

மார்ச்சில் எழுப்ப வேண்டும். ஓர் ஆள் போதும். நான் ஒருத்தியாகச் செய்யப்போவதில்லை.

லுபோஷ் அத்தை வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறான். நான் இப்போதுதான் கொட்டகைக்குப் போய், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, காஷ்பரின் மூச்சுக்குப் புதுக் காற்று உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்று, மூடிவிட்டு வந்தேன்.